ஐரோப்பிய நகரங்களின் நடுமுற்றம்

ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பார்க்கச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் தவறாது சென்று நிற்கும் இடம் ஒன்றுண்டு. அது கோயிலன்று, அரண்மனையன்று, நூதனசாலையுமன்று. ஒடுங்கிய தெருக்கள் பல வளைந்து வளைந்து வந்து முடிகின்ற ஒரு வெளியே அது. மேலே வானமும், கீழே கல் பாவிய தரையும், நாற்புறமும் பழைய கட்டடங்களின் முகப்புக்களுமாக விளங்கும் அவ்வெளியை இத்தாலியர் பியாற்சா என்பர். பிரெஞ்சுக்காரர் பிளாஸ் என்பர். ஸ்பானியர் பிளாசா என்பர். மூன்றும் அகன்ற வழி என்னும் பொருளுடைய ஒரே பழஞ்சொல்லிலிருந்து பிறந்தவை. தமிழில் அதனைச் சதுக்கம் என வழங்குவர். பண்டைத் தமிழ் நூல்களில் நான்கு தெருக்கள் கூடும் சந்தியைக் குறித்த சொல் இது. வீட்டுக்கு முற்றம் எப்படியோ, நகரத்துக்குச் சதுக்கம் அப்படி.

இச்சதுக்கங்களைப் பார்க்கும்போது முதலில் எழ வேண்டிய வினா ஒன்றுண்டு. நகரின் நடுவிலுள்ள நிலம் எந்நாட்டிலும் பெருவிலை பெறுவது. அத்தகைய இடத்தில், வீடும் கடையும் கட்டாது, அறுநூறு எழுநூறு ஆண்டுகளாக ஒரு பெருநிலத்தை வெறுமையாக விட்டு வைத்திருப்பது தற்செயலாக நிகழக்கூடியதா? அவ்வெளியை ஒரு காலத்தில் யாரோ திறந்தார்கள். பின்னர் யாரோ அதனைக் காத்தார்கள். அது அழிந்தவிடத்து யாரோ மீண்டும் கட்டினார்கள். அவர்கள் யாவர் என்று கேட்டறிந்த பின்னர் ஒரு சதுக்கத்தைக் காண்பவர், முன்பு காணாத பலவற்றை அங்கே காண்பர். ஐந்து நகரங்களின் சதுக்கங்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது, இத்தாலி நாட்டின் தொஸ்கானாப் பகுதியிலுள்ள சீயென்னா. மூன்று குன்றுகளின் மேல் அமைந்த நகரம் அது. அக்குன்றுகளின் சரிவுகள் வந்து கூடுகின்ற பள்ளத்திலே 'காம்ப்போ' என்னும் சதுக்கம் உளது. காம்ப்போ என்றால் வயல் அல்லது வெளி என்பது பொருள். முன்னொரு காலத்தில் அங்கே சந்தை கூடிற்று. 1287ஆம் ஆண்டு முதல் 1355ஆம் ஆண்டு வரை சீயென்னாவை ஆண்டவர் மன்னர் அல்லர். ஒன்பதின்மர் கொண்ட ஒரு சபையார் ஆண்டனர். அச்சபையில் ஒருவர் ஒருமுறை இரண்டு மாதமே பதவி வகிக்கலாம். அவ்விரண்டு மாதமும் அவர் தம் வீட்டில் இராது, அரசாங்க மாளிகையிலேயே மற்ற எண்மரோடும் தங்குதல் வேண்டும். உற்றாரும் நண்பரும் நாடி வந்து ஆட்சியைத் தம் பக்கம் சாய்த்துவிடலாகாது என்பது இவ்விதியின் கருத்து.

இச்சபையாருக்கெனச் சதுக்கத்தின் தாழ்ந்த பக்கத்திலே 1297ஆம் ஆண்டில் ஒரு மாளிகை எழத் தொடங்கியது. அதே ஆண்டில் ஒரு சட்டமும் பிறந்தது. சதுக்கத்தைச் சூழ்ந்து வீடு கட்டுவோர் சன்னல்களைச் சிறு தூண்கள் வைத்தே அமைக்க வேண்டும். மாடத்தை வெளியே நீட்டிக் கட்டுதல் கூடாது என்பது அச்சட்டம். செல்வர் ஒருவர் தம் வீட்டைத் தம் விருப்பம்போலக் கட்டுவதை ஊர் தடுத்தது. அவரது சுவரின் உட்புறம் அவருக்கு உரியது. சதுக்கத்தை நோக்கிய வெளிப்புறமோ ஊருக்கும் உரியது என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப் பெற்றது. இன்று அச்சதுக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு இனிதாகத் தோன்றும் ஒருமைப்பாடு சிற்பியின் கைத்திறனால் மட்டும் வந்ததன்று. சட்டத்தாலும் வந்தது.

தரையையும் உற்று நோக்க வேண்டும். விரித்த விசிறிபோலச் சரிந்து செல்லும் அத்தரை செங்கல் பாவியது. வெண்கல் வரிகள் அதனை ஒன்பது கூறாகப் பிரிக்கின்றன. ஒன்பதின்மர் சபையின் நினைவு அது. 1349ஆம் ஆண்டளவில் இத்தளவேலை நிறைவெய்தியது. மழை பெய்தால் நீர் முழுவதும் சரிவிலே வழிந்து மாளிகையின் முன்னுள்ள வடிகாலில் சென்று விழும். குடிநீர்தான் எளிதிற் கிடைக்கவில்லை. குன்றின்மேல் அமைந்த ஊராதலின், நிலத்தடியில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய்கள் வெட்டி நீரைக் கொண்டுவந்தனர். 1342ஆம் ஆண்டில் அந்நீர் சதுக்கத்தை வந்தடைந்தது. அங்கே எழுந்த நீரூற்றை மகிழ்ச்சி ஊற்று என்று மக்கள் அழைத்தனர். அதனை அழகுசெய்யும் சிற்பங்களைச் செதுக்கியவர் யாக்கோப்போ தெல்லா குவேர்ச்சா என்பவர். இன்று சதுக்கத்திலுள்ளவை 19ஆம் நூற்றாண்டிலே செய்து வைத்த படிகள். மூலச் சிற்பங்கள் அந்நகரின் பழைய வைத்தியசாலைக் கட்டடத்திலே பாதுகாப்பாக உள்ளன.

மாளிகையினுள்ளே ஒன்பதின்மர் கூடிய மண்டபத்தின் சுவர்களில் அம்புரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் 1338, 1339ஆம் ஆண்டுகளில் நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் எதிரெதிராகத் தீட்டி வைத்தார். நல்லாட்சி நிலவும் நகரிலே கடைகள் திறந்திருக்கின்றன. ஆசிரியர் பாடம் சொல்கிறார். கொத்தர் வீடு கட்டுகின்றனர். மகளிர் தெருவிலே நடனமாடுகின்றனர். எதிர்ச்சுவரிலோ இடிந்த வீடுகளும் பாழான வயல்களும். ஆள்வோர் தம் கண்முன்னே நாள்தோறும் காணுமாறு இதனை வரைவித்தனர். 

ஆண்டுதோறும் யூலை 2ஆம் நாளிலும் ஓகஸ்ட் 16ஆம் நாளிலும் அச்சதுக்கத்தைச் சுற்றி மண் பரப்பிக் குதிரைப் பந்தயம் நடத்துவர். நகரிலுள்ள பதினேழு வட்டாரங்களுள் பத்து வட்டாரங்களின் குதிரைகள் ஒருமுறை ஓடும். சேணமின்றி மூன்று சுற்று. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுபவர் விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றி வெற்றியே. பரிசோ ஓவியம் தீட்டிய ஒரு பட்டுக்கொடி. வட்டாரங்களுக்கிடையே பகை தலைமுறை தலைமுறையாக நிலவுவதுண்டு. ஆயினும் சதுக்கம் எந்த வட்டாரத்துக்கும் சொந்தமன்று, எல்லாருக்கும் பொது. ஆகவேதான் எல்லாரும் அங்கே வந்து போட்டியிட முடிகிறது.

சீயென்னாவில் நகரசபை ஆக்கிய சதுக்கத்தைக் கண்டோம். தொழில் செய்வோர் மீட்டெடுத்த சதுக்கத்தைக் காண வேண்டுமாயின், பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசெல்ஸுக்குச் செல்லுதல் வேண்டும். அங்குள்ள பெருஞ்சதுக்கம் ஏறக்குறைய 110 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது. அதனைச் சுற்றி எங்கு நோக்கினும் ஒரு தேவாலயம் தென்படாது. ஒருபுறம் நகர மண்டபம். எதிரே முன்னர் ரொட்டிச் சந்தை இருந்த இடம். ஏனைய பக்கங்களில் தொழிற்குழுக்களின் மாளிகைகள். ரொட்டி சுடுவோர், வள்ளக்காரர், மது வடிப்போர், இறைச்சி விற்போர் எனத் தொழிலுக்கு ஒரு குழுவாகச் சேர்ந்து, தம் தரத்தையும் விலையையும் தாமே வகுத்து வாழ்ந்த காலம் அது. வள்ளக்காரர் மாளிகையின் உச்சியை அண்ணாந்து பார்ப்பவர், பழைய கப்பலொன்றின் பின்புறத்தையே அங்கே காண்பர். படிப்பறியாதவரும் அடையாளம் கண்டுகொள்ளத் தக்கவாறு அமைந்த முகப்புக்கள் அவை.

இவ்வழகிய மாளிகைகள் மிகப் பழையன என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. 1695ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரை, பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியின் படை, வில்றுவா என்னும் தளபதியின் கீழ் நகருக்கு வெளியே நின்று பீரங்கியால் தாக்கியது. ஏறக்குறைய நாலாயிரம் கட்டடங்கள் எரிந்து வீழ்ந்தன. சதுக்கத்தைச் சூழ்ந்திருந்தவற்றுள் 96 மீற்றர் உயரமுடைய நகர மண்டபக் கோபுரமும் சில சுவர்களுமே எஞ்சின. வேறோர் இடத்தில் முற்றுகையிட்டிருந்த எதிரிப் படையைத் திசைதிருப்புவதே அத்தாக்குதலின் நோக்கம். அந்நோக்கமும் கைகூடவில்லை.

தொழிற்குழுக்கள் கைகட்டி நிற்கவில்லை. சிலவாண்டுகளுள்ளே தத்தம் மாளிகைகளை முன்னிலும் சிறப்பாகக் கல்லாற் கட்டி எழுப்பினர். முகப்பின் படத்தைக் காட்டி அனுமதி பெற்ற பின்னரே கட்டவேண்டும் என நகர ஆட்சியாளர் 1697ஆம் ஆண்டில் கட்டளை பிறப்பித்தனர். சீயென்னாவிற் கண்ட அதே கொள்கை, நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு நாட்டிலும் தலைகாட்டுகிறது. வீட்டுக்கு வீடு வேறுபாடு. ஆயினும் எல்லாம் ஒரே குடும்பம் என்று தோன்றுகிறது. நகர மண்டபத்தின் கோபுரம் நடுவில் அமையாததைக் கண்டு அதன் சிற்பி மனமுடைந்து மேலிருந்து குதித்தான் என ஒரு கதை வழங்கும். அது வெறுங்கதை. ஒரு பகுதி முதலிலும் மறுபகுதி பல ஆண்டு கழித்தும் எழுந்தமையே அவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

குடிகள் உண்டாக்கிய சதுக்கங்கள் இவை. மன்னர் தம் பெருமைக்கென உண்டாக்கிய சதுக்கங்களும் பல உள. அவற்றுள் ஒன்று பாரிஸ் மாநகரிலுள்ள கொன்கோர்டுச் சதுக்கம். அதன் பரப்பு ஏறக்குறைய இருபது ஏக்கர். பதினைந்தாம் லூயி மன்னனின் குதிரைமீதமர்ந்த சிலை 1763ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்றது. சதுக்கமும் அவன் பெயராலேயே வழங்கியது. முப்பதாண்டு முடியுமுன் புரட்சி வந்தது. 1792ஆம் ஆண்டிலே மக்கள் அச்சிலையை வீழ்த்தி, அவ்விடத்தைப் புரட்சிச் சதுக்கம் என்றனர். 1793ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னனின் தலை அங்கே வெட்டுண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரசி மரீ அந்துவானெத்தும், மறு ஆண்டு யூலையில் புரட்சித் தலைவராகிய ரோபெஸ்பியரும் அங்கேயே மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அச்சதுக்கத்தில் உயிரிழந்தனர்.

குருதி வெள்ளம் வடிந்த பின்னர், 1795ஆம் ஆண்டில் அவ்விடத்துக்கு ஒற்றுமைச் சதுக்கம் எனப் பொருள்படும் கொன்கோர்டு என்ற பெயரைச் சூட்டினர். மன்னராட்சி மீண்டபோது பழைய பெயரும் மீண்டது. அவ்வாட்சி 1830ஆம் ஆண்டில் வீழ்ந்தபோது ஒற்றுமையும் திரும்பி வந்தது. நடுவிலே எதனை நிறுத்துவது என்ற வினா எஞ்சியது. மன்னனை நிறுத்தினால் புரட்சியாளர் பொறார். புரட்சியாளரை நிறுத்தினால் மன்னர் கட்சியார் பொறார். எகிப்திலிருந்து பரிசாக வந்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய ஒற்றைக் கற்றூண் ஒன்றை 1836ஆம் ஆண்டில் அங்கே நாட்டினர். எக்கட்சிக்கும் பகையாகாத ஒன்று என்பதே அத்தூணுக்கு வாய்த்த தகுதி. இன்று பிரயாணிகள் அதன் முன்னின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கல் அங்கே ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்து பார்ப்போருக்கோ, ஒரு நாடு தன் புண்ணை ஆற்ற முயன்ற வரலாறு அதில் தெரியும். மன்னன் தன் சிலைக்கெனத் திறந்த வெளியிலேயே மன்னராட்சி முடிவுற்றது. பலர் கூடக்கூடிய இடத்தை ஆக்குபவர், அங்கே கூடுவோரின் மனத்தையும் தம் வசமாக்கிவிட முடிவதில்லை.

சதுக்கம் முற்றாக அழிந்துபோனால் என் செய்வது? இதற்கு விடை கூறுவது போலந்தின் தலைநகராகிய வார்சோ. 13ஆம் நூற்றாண்டின் முடிவிலே தோன்றிய பழைய சந்தைச் சதுக்கம் ஒன்று அங்கே உண்டு. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் ஜேர்மனிய நாசிப் படைக்கு எதிராக வார்சோ மக்கள் எழுச்சி செய்தனர். அறுபத்து மூன்று நாட் போரின் பின் எழுச்சி ஒடுக்கப்பட்டது. அதன்பின்னும் வெறி அடங்காத படையினர் எஞ்சிய கட்டடங்களைத் திட்டமிட்டுத் தகர்த்தனர். பழைய நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அழிந்தது. சதுக்கத்தின் நாற்புறமும் செங்கற் குவியலாயிற்று.

அழிந்த இடத்தைப் புதுமுறையில் கட்டுவது எளிது, செலவும் குறைவு. வார்சோ மக்கள் அதனை விரும்பவில்லை. போருக்கு முன்னும் போரின்போதும் கட்டடக்கலை ஆசிரியரும் மாணவரும் பழைய வீடுகளை அளந்து வரைந்த படங்கள் பல இருந்தன. அவற்றை மறைவாகக் கொண்டுசென்று ஒரு துறவியர் மடத்திலே ஒளித்து வைத்தவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலே பெர்னார்தோ பெல்லோத்தோ என்னும் ஓவியர் அந்நகரின் தெருக்களை நுணுக்கமாகத் தீட்டியிருந்த ஓவியங்களும் உதவின. இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கற்களையும் செங்கற்களையும் இயன்றவரை பயன்படுத்தினர். 1953ஆம் ஆண்டு யூலையில் அச்சதுக்கம் மீண்டும் திறக்கப்பெற்றது. முகப்புக்கள் பழையன, உள்ளே இருப்பவை காற்றும் வெளிச்சமும் நிறைந்த புதிய குடியிருப்புக்கள். வீடுகளின் பின்புறம் முன்பு நெருக்கமாக இருந்த கொட்டில்களை மீண்டும் கட்டாமல் விட்டு முற்றங்களாக்கினர். 1980ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. பழமைக்காக அன்று, மீட்டெடுத்த முயற்சிக்காக.

வார்சோவின் தெருக்களைத் தீட்டிய பெல்லோத்தோ, வெனிஸ் நகரிலே பிறந்தவர். அவரது ஊரிலுள்ள புனித மாற்குச் சதுக்கமே இறுதியாகக் கருத வேண்டியது. வெனிசில் பியாற்சா என்னும் பெயருக்கு உரியது அஃது ஒன்றே. ஏனைய வெளிகளையெல்லாம் அவ்வூரார் காம்ப்போ என்றே அழைப்பர். ஒரு பக்கத்திலே 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேராலயம்; அதன் முகப்பிலே கொன்ஸ்தந்தினோப்பிள் நகரைச் சூறையாடி எடுத்துவந்த வெண்கலக் குதிரைகளின் படிகள்; அருகே 98 மீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட மணிக்கோபுரம். அக்கோபுரம் 1902ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் காலையில் இடிந்து ஒரே குவியலாக வீழ்ந்தது. மனித உயிர் எதுவும் போகவில்லை. இருந்தவிடத்திலே, இருந்தவாறே மீண்டும் கட்டுவோம் என்று நகரத்தார் உறுதிபூண்டு, 1912ஆம் ஆண்டிலே கட்டி முடித்தனர்.

இன்று அச்சதுக்கத்தை நெருக்குவன இரண்டு. ஒன்று கடல். நகரின் மிகத் தாழ்ந்த இடங்களுள் ஒன்று அது. 1966ஆம் ஆண்டு நவம்பரில் கடல்நீர் 194 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்தது; 2019ஆம் ஆண்டு நவம்பரில் 187 சென்ரிமீற்றர். 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதல், கடலேரியின் வாயில்களிலே 78 எஃகுக் கதவுகள் எழுந்து பெருவெள்ளத்தைத் தடுக்கின்றன. சிறு வெள்ளம் வந்தாலே சதுக்கம் நனைந்துவிடுமாதலால், பேராலயத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் 2022ஆம் ஆண்டில் வைக்கப்பெற்றது.

மற்றையது மனித வெள்ளம். அதற்குக் கதவு செய்வது கடினம். 1951ஆம் ஆண்டிலே பழைய வெனிசில் ஏறக்குறைய ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை ஐம்பதினாயிரத்துக்குக் கீழே இறங்கியது. வாடகை ஏற ஏறக் குடிகள் வெளியேறினர். மரக்கறிக் கடையும் மருந்துக் கடையும் இருந்தவிடத்தில் முகமூடியும் நினைவுப் பொருளும் விற்கும் கடைகள் வந்தன. பகலிலே வந்து மாலையிலே திரும்புவோரிடம் குறித்த சில நாட்களில் 5 யூரோ அறவிடும் முறையை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நகரசபை தொடங்கியது. நகரத்தினுள் நுழையக் கட்டணம் வாங்குவது, நகரத்தைக் காட்சிச்சாலையாக்கி விடுகிறது என்று அவ்வூர் மக்கள் சிலரே குறை கூறினர். இரு பக்கத்திலும் நியாயமுண்டு.

இங்கேதான் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை முழுமை பெறுகிறது. பீரங்கி இடித்த சதுக்கத்தைப் பிரசெல்ஸ் மக்கள் மீண்டும் கட்டினர். வெடிமருந்தால் தகர்ந்ததை வார்சோ மக்கள் மீண்டும் கட்டினர். தானே இடிந்த கோபுரத்தை வெனிஸ் மக்கள் மீண்டும் கட்டினர். கல் போனால் கல் வைக்கலாம்; வைப்பதற்கு ஊரில் ஆள் இருக்க வேண்டும். குடிகள் நீங்கிய ஊரிலே கற்கள் ஒன்றும் குறையாமல் நின்றாலும், அச்சதுக்கத்தில் அயலவர் ஒருவரையொருவர் கண்டு நலம் விசாரித்து நிற்கமாட்டார். சிறுவர் பந்து விளையாடமாட்டார். அப்போது அது முற்றமாக இராது. அலங்கரித்த மேடையாகவே இருக்கும்.

ஆதலால் இத்தகைய சதுக்கங்களைக் காணச் செல்வோர், பிறர் வீட்டு முற்றத்துள் நுழையும் விருந்தினரைப் போல நடந்துகொள்ளுதல் நன்று. கூட்டம் சேருமுன் விடியற் காலையிலே செல்லலாம். சந்தைக்காரர் கடை விரிப்பதும், பிள்ளைகள் பாடசாலைக்குக் கடந்து செல்வதும் அவ்வேளையில் தெரியும். பெருந்தெருவால் வாகனத்தில் வந்து இறங்காது, ஒடுங்கிய ஒழுங்கையொன்றால் நடந்து வந்து வெளியிலே புகுவது சிறந்தது. நெருக்கத்தின் பின் திடீரென வானம் விரியும் அனுபவத்தை அச்சதுக்கத்தை அமைத்தோர் நன்கு அறிந்திருந்தனர். உள்ளே வந்தபின், எந்தக் கட்டடம் எதனை எதிர்நோக்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கோயிலா, நகர மண்டபமா, அரண்மனையா, வணிகர் மாளிகையா என்பதிலே அந்நகரில் யார் கை ஓங்கியிருந்தது என்பது விளங்கும். பின் தரையைப் பார்க்க வேண்டும். மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதிலும் முன்னோர் சிந்தனை இருக்கிறது. இரண்டு நாளில் ஐந்து நகரம் பார்ப்பதைவிட, ஒரு சதுக்கத்திலே ஒரு முழுநாள் இருந்து, காலை வெயிலும் மாலை நிழலும் அங்கே வந்து போவதைக் காண்பது பயன் மிகுந்தது. தங்குவதும் உண்பதும் அவ்வூரார் நடத்தும் இடங்களில் ஆயின், சென்றவரின் பணத்திலும் ஒரு பங்கு அம்முற்றத்தைக் காப்போரைச் சென்று சேரும்.